ஒரு நாள் முன்னதாக வந்த சம்பளம்

வெள்ளிக்கிழமை வரவேண்டிய சம்பளம் வியாழக்கிழமையே வந்துவிட்டது.

முகம் தெரியாத முதலாளிக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை பார்த்துப் பிழைக்கிறவர்களுக்குத்தான் இது எவ்வளவு விபரீதமான சமாசாரம் என்று புரியும். நல்ல கம்பெனி நாலு நாள் இழுத்தடித்துத் தரும். மோசடிக் கம்பெனி தரவே தராது. கேட்காமலே ஒரு நாள் முன்னதாக அனுப்பிவிட்டு, 'வந்து சேர்ந்ததா? மன நிறைவுதானே?' என்று விசாரிக்கிற கம்பெனி பூமியில் எங்கும் கிடையாது. நேனிதா போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பில் கருவாடு தீய்ந்துகொண்டிருந்தது. வெளியே தென்னந்தோப்பில் காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த காற்று, யாரோ வாயைப் பொத்தியதுபோல் அப்படியே நின்றுபோயிருந்தது. புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதனால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குமாக்கா நகரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருக்கும் அந்த ஊரில், எந்த வேலை நிஜம், எது மோசடி என்று சொல்ல நேனிதாவை விட்டால் ஆள் கிடையாது. அந்தப் படிப்பை அவள் சும்மா படிக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், வீட்டிலேயே பாசிமாலை கோர்த்துக் கொடுத்தால் மாதம் முழுக்கச் சம்பளம் என்று மணிலாவிலிருந்து ஒருவன் பாசிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டான். அவள் கண் பூத்துப்போகக் கோர்த்து அனுப்பிய ஒரு மூட்டை மாலையும், 'தரம் போதாது' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அந்த மாலைகளை அவள் ஊர் நாய்களுக்குப் போட்டுவிட்டாள். குமாக்காவிலிருந்து கடற்கரை வழியாக நடந்து வருகிறவன், நாய் கழுத்தில் மூன்று வரிசைப் பாசிமாலை பார்த்தானானால், ஊர் வந்துவிட்டது என்று பெட்டியை இறக்கி வைக்கலாம். ரோமாபுரி ராணிகளின் நாய்கள்கூட அப்படி நகை போட்டிருக்காது.

அதற்குப் பிறகு, போனில் வேலை விளம்பரம் பார்த்தவர்களெல்லாம் பாசிங் என்கிறவளின் பெட்டிக்கடைக்கு வந்து, அங்கே இருக்கும் நேனிதாவிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்ப்பார்கள்.

"நேனிதா, இதப் பாரேன்," என்று கம்பிவலைக்குப் பின்னாலிருந்து பாசிங்கே ஒருநாள் போனை நீட்டினாள். "வீட்லேருந்தே பூனைத் தீனி ருசி பாக்குற வேலையாம். எங்க வீட்டுக்காரருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. அவரு இப்பவே எதைப் போட்டாலும் கேள்வி கேக்காம தின்றாரு."

"மொதல்ல பணம் கட்டச் சொல்றானா?"

"தீனிக்கு மட்டும் முன்பணமாம்."

"மோசடி."

"இன்னைக்குள்ள கட்டினா பாதிதானாம்டி."

"அப்ப பெரிய மோசடி. யோசிக்க விடாம வெரட்டுறான் பாரு, அதுலயே தெரியல? மூஞ்சியக் காட்டுறானா?"

"பூனை மூஞ்சியக் காட்டுறான்."

கடை பெஞ்சில் உட்கார்ந்து பச்சை மாங்காயை இறால் விழுதில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த லிகாயா, வயிறு குலுங்கச் சிரித்தாள். "எங்க அக்கா இருக்கற வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தனும் பணக்காரனாக முடியாது. ஒருத்தனும் ஏழையாவும் முடியாது."

லிகாயா, நேனிதாவின் ஒரே தங்கை. ஏழு மாதம். போன தடவை தங்கவில்லை, இது தங்கியிருக்கிறது. புருஷன் ரூஃபோ சரக்குக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். கிளம்பும்போது நேனிதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரையும் பாத்துக்கங்க அண்ணி," என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அக்கா வீட்டோடு வந்துவிடு என்றால் லிகாயா கேட்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அலையாத்திக் காட்டை ஒட்டிய தன் ஓலைக்கூரை வீட்டையும் வாத்துகளையும் விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பிரசவத்தை நகரத்து ஆஸ்பத்திரியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நேனிதா முடிவு கட்டியிருந்தாள். அதற்காகத்தான் அவளுக்கும் வேலை தேவைப்பட்டது.

அந்தச் சமயத்தில் வந்ததுதான் குரல் பதிவு வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் வருகிற வாக்கியங்களைப் படித்து அனுப்ப வேண்டும். நேனிதா தன் சோதனைகள் அத்தனையையும் அதன்மேல் போட்டுப் பார்த்தாள். அவர்கள் முன்பணம் கேட்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை, 'நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். கூலி வாயைப் பிளக்க வைக்கிற மாதிரி இல்லாமல் நியாயமாக இருந்தது. மிஸ் வெரோனா என்கிற மேற்பார்வைக்காரி வீடியோ காலில் முகத்தைக் காட்டி, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். லூசேனா நகரத்தில் ஆபீஸ் என்றார்கள். ஜீப்னி வண்டி ஓட்டுகிற ஒன்றுவிட்ட தம்பியை அனுப்பிப் பார்த்தாள். கட்டடம் இருந்தது. போர்டு இருந்தது. வாசலில் காவலாளி நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். இதைவிட நிஜமான ஆபீஸ் எங்கே இருக்க முடியும்?

முதல் சில வாரம் எண்கள், கிழமைகள், மீன் விலை கேட்பது, சிரிப்பது, இருமுவது என்று போயிற்று. அப்புறம் ஒரே ஒரு சொல்தான் வர ஆரம்பித்தது.

'மனுசந்தாங்க!'

அந்தப் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் குரல் கொடுக்க வேண்டும். ஆணானாலும் பெண்ணானாலும் படலுக்கு வெளியே நின்று, வந்திருப்பது மனித ஜென்மம்தான் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவித்துவிடுவது மரியாதை. ஏனென்றால் வேறு ஏதாவது வந்திருக்கவும் இடமுண்டு. இப்போதெல்லாம் யாரும் அதை நினைத்துச் சொல்வதில்லை; சும்மா வாய்ப்பழக்கம். ஆனாலும் கர்ப்பிணி இருக்கிற வீட்டில் அந்தப் பழக்கத்துக்கு இன்னும் பல் இருக்கிறது. அஸ்வாங் என்கிற பிறவி பகலில் நம்மைப்போல் மீன் வாங்கும், சீட்டாடும், கோயிலில் முன்வரிசையில் உட்காரும். இருட்டினால், நூல் மாதிரி நாக்கை விட்டு வயிற்றுப் பிள்ளையை உறிஞ்ச, பிள்ளைத்தாச்சி இருக்கிற வாசலாகப் பார்த்துத் தேடிப் போகும். பேர் சொல்லிக் கூப்பிடும், பழங்கதை பேசும், அழும், சிரிக்கும். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் அதன் வாயில் நுழையாது. அதற்குப் பொய் சொல்ல வராது.

நேனிதா ஆஸ்பத்திரியை நம்புகிறவள்தான். இருந்தாலும், தனியாக இருக்கிற தங்கைக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லையே என்று முதல் மாதமே சொல்லி வைத்திருந்தாள். "யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் தெறக்காத. என் குரலாவே இருந்தாலும் சரி. அந்த வார்த்தை வரட்டும், அப்புறம் தாழ்ப்பாள்ல கைய வை."

"சரிங்க டீச்சர்," என்று லிகாயா வாத்துக்குத் தவிடு போட்டுக்கொண்டே சொன்னாள். ஆனால் அப்படியே நடந்துகொண்டாள். அக்கா கொட்டுகிற மழையில் நின்றாலும், "யாரது?" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டுதான் திறப்பாள்.

ஒரே சொல்லை இத்தனை விதமாகச் சொல்லி என்ன செய்யப்போகிறார்கள் என்று நேனிதா மிஸ் வெரோனாவிடம் கேட்டாள்.

"எங்க வாடிக்கையாளருங்க சில பேருக்கு இது மட்டும் சொல்ல வராதுங்க," என்றாள் அவள். இதமான குரல். "மத்ததெல்லாம் பேசுவாங்க. இது ஒண்ணுதான் வராது. பாவம், வாசல் வாசலா போய் நின்னுட்டு, பட்டினியா திரும்பி வர்றாங்க. அதான் சொந்தக் குரலுக்குப் பதிலா இன்னொருத்தர் குரலை வாங்கிக் குடுக்குறோம்."

நேனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊமைகளுக்கு ஏதோ கருவி செய்கிறார்கள் போலிருக்கிறது என்று அவளாகவே தீர்மானித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. நீங்க எங்களுக்குக் குடுத்தப்புறம் அந்த வார்த்தை எங்களோடது. வேற எங்கயும் நீங்க அதைக் குடுக்க முடியாது. சம்மதமா?"

எல்லாக் குரல் கம்பெனிகளும் கேட்பதுதான். கேட்டதால்தான் இது நல்ல கம்பெனி. "சம்மதம் மேடம்," என்றாள் நேனிதா.

அந்தக் கம்பெனி அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மழையில் நனைந்தபடி சொல்வது. மூச்சு வாங்கச் சொல்வது. கை நிறையச் சாமானோடு சொல்வது. அழுது முடித்த குரலில் சொல்வது. ஒவ்வொரு தடவையும் லிகாயாவின் வாசலையே கண்ணுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு சொல்வாள். அப்போதுதான் குரல் இயல்பாக வந்தது. 'அற்புதம்' என்று மிஸ் வெரோனா எழுதி அனுப்புவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாசிங் வீட்டுக்குச் சமையலுக்குப் புளிக்காடி வாங்கப் போனாள். படலுக்கு வெளியே நின்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். நாக்கு, அடித்தொண்டையில் ஈரத்துணி மாதிரி கிடந்தது. பாசிமாலை போட்ட நாய் ஒன்று அவளை அண்ணாந்து பார்த்தது. வாலை ஆட்டப்போய், ஆட்டாமல் நிறுத்திக்கொண்டது.

"ஐயையோ, என்னடி இது, பிசாசாட்டம் நிக்கிற?" என்று தண்ணீர் கொட்ட வந்த பாசிங் பதறினாள். "குரல் குடுக்கறதுக்கென்ன? ஓ, இப்பெல்லாம் உன் குரலுக்குக் காசு குடுக்கணுமோ?"

"தொண்டை கட்டியிருக்கு," என்று நேனிதா சொன்னாள். அது தெளிவாகவே வந்தது. காடி கேட்டாள், வந்தது. பாசிங்கைத் திட்டினாள், பிரமாதமாக வந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தபோது மட்டும் உதடு அசைந்தது, சத்தமில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். தேன் மாதிரி வந்தது.

வேலைக் களைப்பு என்று கஷாயம் வைத்துக் குடித்தாள்.

இன்று காலையில் கடைசியாக ஒன்று வந்தது. வழக்கம்போல் குறிப்பைப் படித்தாள், கண்ணை மூடினாள், சொன்னாள், அனுப்பினாள். படித்தது என்ன என்பது மண்டைக்குள் ஏற இவ்வளவு நேரமாகியிருக்கிறது. சம்பளம் முன்னதாக வந்த பிறகு, கருவாடு கருகிய புகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது ஏறியது. குறிப்பில் இப்படி இருந்தது: 'ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கையின் வாசலில், மெதுவாக, அவள் பயந்துவிடாதபடி.'

தங்கையைப் பற்றி அவள் கம்பெனியிடம் மூச்சுவிட்டதில்லை.

மிஸ் வெரோனா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நான் வேலைய விட்டுடறேன்," என்றாள் நேனிதா.

"தாராளமாங்க. நீங்க குடுக்க வேண்டியது எல்லாம் குடுத்து முடிச்சாச்சு. அதான் பணத்தை இன்னைக்கே போட்டுட்டோம்."

"எனக்குத் தங்கச்சி இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொன்னீங்க. ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் யாரை நெனச்சு சொல்றீங்கன்னு குரல்லயே தெரியுதேங்க. எவ்வளவு பாசம்! எங்க ஆளுங்க கேட்டு அழுதுட்டாங்க."

"பணத்தத் திருப்பி அனுப்பிடறேன். எனக்கு அந்த வார்த்தை வேணும்."

"அடடா." மிஸ் வெரோனா உண்மையாகவே வருத்தப்பட்டாள். "அது மத்தியானமே வாங்கினவங்ககிட்ட போய்ச் சேந்துடுச்சுங்களே."

"யாரு வாங்கினது?"

"உங்க ஊர்ப் பக்கந்தாங்க. பக்கத்துலயே இருந்தும் ரொம்ப வருஷமா கஷ்டப்பட்டவங்க." கொஞ்சம் தயங்கினாள். "எங்க மேல ஏதாவது குறை இருந்தா மனசுல வெச்சுக்காம சொல்லிடுங்க. நாங்க சொன்னது எதையாவது செய்யாம விட்டோமா?"

நேனிதா ஒரு குறைக்காகத் தேடினாள். திருடன் என்று கத்துவதற்கு, போலீசுக்குப் போவதற்கு, ஊரைக் கூட்டுவதற்கு ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், அவள் கொடுத்தாள், அவர்கள் காசு தந்தார்கள். அப்போது கரண்ட் போயிற்று. ஊர் முழுக்க ஒரே மூச்சில் அணைந்தது. போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, லிகாயாவை அழைத்த அழைப்பு போகாமலே செத்தது.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கடல் பக்கத்து வானம் அடிபட்ட சதைபோல் கன்றியிருந்தது. மழை முதலில் தென்னை மட்டைகளின்மேல் மணலைத் தூவுவதுபோல் தொடங்கி, பிறகு வாழை இலைகளில் தடதடவென்று இறங்கி, வாய்க்காலின் சேற்று வாடையையும் கொப்பரைக் களத்தின் புளித்த எண்ணெய் வாடையையும் கிளப்பி, திறந்திருந்த ஜன்னல் வழியாக அவள் முகத்தில் அடித்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில், தெருக்கோடியில், யாரோ ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"மனுசந்தாங்க!"

மழையில் நனைந்தபடி சொல்வது. அவளுடைய குரல்.

தெருக்கோடி வீட்டில் யாரோ, "யாரு, நேனிதாவா? வாம்மா உள்ள," என்றார்கள். தாழ்ப்பாள் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, "அட, யாரையும் காணமே," என்ற குழப்பம். கதவு மூடும் சத்தம்.

அடுத்த வீடு. மூச்சு வாங்கச் சொல்வது.

அதற்கடுத்தது பாசிங்கின் படல். கை நிறையச் சாமானோடு சொல்வது. "இருடி, வரேன்," என்று பாசிங் எழுந்துவரும் செருப்புச் சத்தம்கூடக் கேட்டது. எந்த வீட்டுக்குள்ளும் அது போகவில்லை. புதுச் செருப்பு வாங்கியவன் தெருவில் நாலு எட்டு நடந்து பார்ப்பதுபோல், ஒவ்வொரு வாசலிலும் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தது. கதவு திறக்கிறதா? திறக்கிறது. போதும். ஒரு நாயும் குரைக்கவில்லை. வீடுகளுக்கு அடியில் அவை வயிற்றால் ஊர்ந்து ஒதுங்கும்போது பாசிமணிகள் தரையில் உரசுகிற சத்தம் மட்டும் தெரு நெடுகக் கேட்டது.

பிறகு அந்த இன்னொரு சத்தம். டிக். டிக். டிக். பல்லியைவிட உரத்து, பல்லியைவிட நிதானமாக, தலைக்கு மேலேயே அடிப்பதுபோல். அது அஸ்வாங்கின் சத்தம் என்றும், உரக்கக் கேட்டால் தூரத்தில் இருக்கிறது என்றும், தேய்ந்து தேய்ந்து கேட்டால் நெருங்கிவிட்டது என்றும் அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். நேனிதா குடையைத் தேடவில்லை. ஓடினாள்.

தேங்காய் மட்டைகள் காலை இடறின. சேறு ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டது. இன்னொன்றை அவளே உதறினாள். வாய்க்கால் தண்ணீர் மூங்கில் பாலத்தின் கணுவைத் தொட்டுக்கொண்டு ஓடியது. பாலம் வழுக்கியது. முழங்கால் அடிபட்டது. எழுந்தாள். டிக், டிக் என்பது இப்போது மழைக்குப் பின்னால் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால். கைக்கடிகாரம் அளவுக்கு. எறும்பு அளவுக்கு.

நின்றுவிட்டது.

லிகாயாவின் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. புயலுக்காக ஜன்னல் பலகைகளை இழுத்துச் சாத்தியிருந்தது. பலகை இடுக்குகளில் மஞ்சள் கோடுகள். வாத்துகள் ஒன்றுகூடக் கத்தவில்லை. உள்ளே லிகாயா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"...சொன்னா கேக்குறியா நீ? இந்த மழையில எதுக்குக்கா வந்த? துண்டத் தலையில போட்டுக்கோ. ஐயோ, கை எவ்ளோ சில்லுன்னு இருக்கு."

நேனிதா கதவின்மேல் விழுந்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். "லிகாயா! கதவத் தெற! நான் நேனிதா! அது நானில்ல!"

சிரிப்பு நின்றது.

"யாரது?" என்று லிகாயா கேட்டாள்.

நேனிதா வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. மழை வாய்க்குள் போயிற்று. வெளியே எதுவும் வரவில்லை.

"யாரதுன்னு கேட்டேன்."

"அக்காடி! உன் அக்கா! வெளிய வா, ஓடி வந்துடு!"

"சொல்லு, தெறக்கறேன்."

"பாலத்துல விழுந்து உனக்கு முன்பல்லு ஒடஞ்சுதே. நான்தானே தூக்கிட்டு ஓடினேன். ரூஃபோ உன்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப, பயத்துல அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிஞ்சியே. யாருக்குடி தெரியும் இதெல்லாம்? தெறடி, என் தங்கம்!"

"எங்க அக்கா சொல்லியிருக்கா," என்றாள் லிகாயா. குரல் நடுங்கியது, ஆனால் பாடத்தைச் சரியாக ஒப்பிக்கிற பிள்ளையின் குரல் அது. "பேர் சொல்லும். பழங்கதை சொல்லும். அழும். அத மட்டும் சொல்லாதுன்னு சொல்லியிருக்கா." பிறகு உள்பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "கேட்டியாக்கா? அப்படியே உன் குரலு. மயிர்க்கூச்செறியுது."

உள்ளே ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். அவள் பயந்துவிடாதபடி.

"மனுசந்தாங்க."

"தெரியும்க்கா, தெரியும். நீ உள்ள வர்றப்பவே சொன்னியே."

நேனிதா ஜன்னலுக்கு ஓடினாள். பலகை இடுக்கில் விரல்களை நுழைத்துப் பிய்த்தாள். நகம் பெயர்ந்தது. பலகை ஒரு சாண் விலகியதும், உள்ளேயிருந்து உப்பு பறந்து வந்து கண்ணில் விழுந்தது. அதற்குப் பின்னாலேயே, அஸ்வாங்கை விரட்டுவதற்காகக் கர்ப்பிணி வீடுகளில் வாசல் மேலே தொங்கவிட்டிருக்கும் முள் வைத்த திருக்கைமீன் வால். ஒரே வீச்சு. கன்னம் பிளந்தது.

"போ! வேற வீடு பாத்துப் போ!" என்று லிகாயா அலறினாள். "எம் புள்ளையத் தரமாட்டேன்!"

ஊரைக் கூட்டலாம். பாசிங்கைக் கூப்பிடலாம். இருட்டில், புயலில், ஒவ்வொரு கதவாகப் போய் நின்றால் ஒவ்வொரு கதவும் யாரது என்று கேட்கும். அத்தனை வாசலிலும் அவள் வாயைத் திறந்து திறந்து மூட வேண்டும். இன்று மாலை அவள் குரலுக்குத் திறந்து, யாரையும் காணாமல் மூடிய கதவுகள்.

அவள் நகரவில்லை. கன்னத்து ரத்தம் மழையோடு கழுத்தில் இறங்கியது. ஒரு கண் உப்பில் மூடிக்கொண்டது. மற்றதை இடுக்கில் வைத்தாள்.

லிகாயா பாயில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி. கையில் திருக்கைவால், முகத்தில் வேர்வை, ஜெயித்துவிட்ட களைப்பு. அவளுக்குப் பின்னால், விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டபடி அது உட்கார்ந்திருந்தது. அவள் தலைமுடியைப் பொறுமையாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தது. துண்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வழிந்தது. நூல். ஈரமான, கறுத்த, முடியளவு நூல். லிகாயாவின் தோளைத் தாண்டியது. மார்பைத் தாண்டியது. மேடிட்ட வயிற்றின்மேல் வந்து, தொப்புள் இருக்குமிடத்தைத் தேடி, நின்றது.

லிகாயா அதைப் புறங்கையால் ஒதுக்கினாள். தன் முடிதான் என்று நினைத்திருப்பாள். அது ஒதுங்கவில்லை.

நூல் மெல்லத் தடித்தது. அதற்குள் ஏதோ, சிறு சிறு முடிச்சாக, மேல்நோக்கி ஏற ஆரம்பித்தது.

"அக்கா," என்று லிகாயா கண்ணை மூடிச் சிரித்தாள். "கொழந்தை உதைக்குது. கைய வெச்சுப் பாரேன்."

பின்னால் சாய்ந்து, அதன் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.